அணுக்கள் எதனையும் விரும்புவதில்லை

'சோடியம் அணு ஓர் இலத்திரனை இழக்க விரும்புகின்றது. குளோரீன் அணு ஓர் இலத்திரனைப் பெற விரும்புகின்றது. இரண்டும் தத்தம் விருப்பம் நிறைவேறி, ஈற்றோட்டில் எட்டு இலத்திரன்களைப் பெற்று உறுதியடைகின்றன.' இக்கருத்துடைய வாக்கியத்தை ஒரு தடவையேனும் தம் கொப்பியில் எழுதாத இரசாயன மாணவர் இந்நாட்டின் தமிழ் வகுப்பறைகளிலே அரியர். அதனை மனனஞ் செய்தவர் புள்ளி பெறுவர். எழுதுவித்த ஆசிரியர் பாடத்திட்டத்தை முடித்துவிட்ட மனநிறைவைப் பெறுவர். உறுதியெய்தும் இவ்விழாவிலே ஏமாற்றப்படுவது உண்மை ஒன்றே.

அவ்வாக்கியம் பிழையானது. எளிமைப்படுத்தப்பட்டதால் நேர்ந்த சிறு குறை என்று அதனைத் தள்ளிவிட இயலாது. காரணத்தின் இடத்திலே கதையையும், அளவீட்டின் இடத்திலே ஆசையையும் வைத்து, சிந்திக்கும் பழக்கத்தையே முளையிற் கிள்ளுகின்ற பிழை அது. தமிழிலே விஞ்ஞானம் கற்பிக்க இயலும் என்று வாதிடுவோர், அவ்வாறு கற்பிக்கப்படும் விஞ்ஞானம் எத்தகையது என்பதையும் ஆராயக் கடமைப்பட்டவர்கள்.

கணக்கு என்ன கூறுகின்றது?

சோடியம் அணுவின் 'விருப்பத்தை' முதலிலே அளந்து பார்க்கலாம். வாயு நிலையிலுள்ள ஒரு மூல் சோடியம் அணுக்களிலிருந்து ஒவ்வோர் இலத்திரனைப் பிரித்தெடுக்க 496 கிலோயூல் சக்தியைச் செலவிடல் வேண்டும். தானே விரும்பிக் கொடுப்பவரிடமிருந்து பொருளைப் பெறுவதற்கு எவரும் விலை கொடுப்பதில்லை. சோடியம் தன் இலத்திரனைக் 'கொடுப்பதில்லை'. அதனிடமிருந்து அது பிடுங்கப்படுகின்றது. குளோரீன் அணுக்கள் அந்த இலத்திரன்களை ஏற்கும்போது வெளிவிடப்படுவது 349 கிலோயூல் மாத்திரமே. ஆகவே, ஒன்றிடம் பறித்து மற்றொன்றுக்கு வழங்கும் இக்கொடுக்கல் வாங்கலிலே மூலுக்கு 147 கிலோயூல் நட்டமே எஞ்சுகின்றது. ஒன்றையொன்று நெடுந்தொலைவிலே விட்டு நிற்கும் ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரீன் அணுவும் எட்டு இலத்திரன்களை எய்துவதற்காக இலத்திரனைக் கைமாற்றிக்கொள்ளா என்பதே இக்கணக்கின் முடிபு.

அங்ஙனமாயின் உப்பு எவ்வாறு உண்டாகின்றது? நேரேற்றம் பெற்ற சோடியம் அயன்களும் எதிரேற்றம் பெற்ற குளோரைட்டு அயன்களும் ஒன்றையொன்று கவர்ந்து நெருங்கி, முப்பரிமாணச் சாலகமாக அடுக்கப்படும்போது மூலுக்கு ஏறத்தாழ 787 கிலோயூல் வெளிவிடப்படுகின்றது. உலோகச் சோடியத்தைத் தனி அணுக்களாக்க 107 கிலோயூலும், குளோரீன் மூலக்கூறுகளை அணுக்களாக்க 121 கிலோயூலும் செலவாவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இறுதியில் ஏறத்தாழ 411 கிலோயூல் இலாபம் தேறுகின்றது. சோடியத்தைக் குளோரீனில் எரிக்கும்போது தோன்றும் வெப்பமும் மஞ்சட் சுவாலையும் இவ்விலாபத்தின் வெளிப்பாடே. உப்பை உருவாக்குவது எட்டு என்ற எண் அன்று, ஏற்றங்களுக்கிடையேயுள்ள கவர்ச்சி. உயர்தர வகுப்பு மாணவன் பௌதிகப் பாடத்திலே கூலோமின் விதி என்று கற்கும் அதே கவர்ச்சி, அடுத்த மணியில் இரசாயன ஆசிரியர் வந்தவுடன் 'விருப்பம்' என்று பெயர் மாறிவிடுகின்றது.

இன்னொரு கேள்வியும் எழும். சோடியம் ஏன் ஓர் இலத்திரனோடு நின்றுவிடுகின்றது? 'எட்டு இலத்திரன் நிலையை அடைந்து திருப்தியுற்றமையால்' என்பது குறிப்பின் விடை. அளவீட்டின் விடை வேறு. இரண்டாவது இலத்திரனைப் பிரித்தெடுக்க 4562 கிலோயூல் வேண்டும். அத்துணைப் பெருஞ் செலவை எந்தச் சாலகமும் ஈடுசெய்ய மாட்டாது. மகனீசியத்திலே முதல் இரு இலத்திரன்களுக்கும் 738, 1451 எனச் செலவாகின்றது. இம்முதலை மகனீசியம் ஒட்சைட்டின் சாலகம் ஈடுசெய்துவிடுகின்றது. எனவே, மகனீசியம் இரண்டை இழக்கின்றது. திருப்தியும் அதிருப்தியும் இக்கணக்கில் எவ்விடத்திலும் நுழைவதில்லை.

ஒட்சிசனின் செய்தி இதனினும் வியப்பானது. ஓர் ஒட்சிசன் அணு முதல் இலத்திரனை ஏற்கும்போது மூலுக்கு 141 கிலோயூல் வெளிவிடப்படுகின்றது. எட்டை நிறைவாக்கும் இரண்டாவது இலத்திரனை ஏற்கச் செய்வதற்கோ 700 கிலோயூலுக்கு மேற்பட்ட சக்தியைப் புறத்திலிருந்து ஊட்டல் வேண்டும். தனித்துவிடப்பட்ட ஒட்சைட்டு அயன் எட்டு இலத்திரன்களையும் பெற்றிருந்தும் நிலைத்து நிற்பதில்லை, ஒன்றை உதறிவிடுகின்றது. எட்டு என்பதே உறுதிக்குக் காரணமாயின், இவ்வயன் உலகின் உறுதிமிக்க பொருள்களுள் ஒன்றாக இருந்திருத்தல் வேண்டும்.

விதியும் விதித்தவரும்

எட்டு இலத்திரன் விதியின் மூலவரை வகுப்பறை அறியாது. அறிந்திருந்தால் அவரையே சாட்சியாக அழைத்திருக்கலாம். 1916 ஆம் ஆண்டிலே அமெரிக்க இரசாயனவியலாளர் கில்பேட் லூயிஸ், ஒரு சோடி இலத்திரன்களை இரு அணுக்கள் பொதுவிற் கொள்வதே பிணைப்பு என்ற கருத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜேர்மனியரான கொசெல் அயன்களின் உருவாக்கத்தை விளக்கினார். 1919 இல் லாங்மூர் அக்கருத்துகளை விரித்துப் பரப்பினார். எனினும் லூயிஸ் தாம் 1923 இல் எழுதிய நூலிலே, எட்டின் விதியைக் காட்டிலும் இரண்டின் விதியே, அஃதாவது இலத்திரன்கள் சோடி சேர்வதே, அடிப்படையானது எனக் கொண்டார். எட்டுக்கு அடங்காத சேர்வைகள் உள்ளன என்பதை அவர் மறைக்கவில்லை. ஆக்கியோன் ஐயத்தோடு கையாண்ட கருவியை, அவருக்குப் பின் வந்தவர்கள் வேதவாக்காக்கிவிட்டனர்.

விதிக்கு அடங்காதவை அருகிய சில விலக்குகள் என்று தள்ளத்தக்கனவும் அல்ல. போரன் முப்புளோரைட்டிலே போரனைச் சூழ்ந்து ஆறு இலத்திரன்களே எண்ணப்படுகின்றன. நைத்திரிக்கு ஒட்சைட்டின் மொத்த இலத்திரன்கள் ஒற்றை எண்ணாகலின், இரு அணுக்களுக்கும் எட்டு எட்டாகப் பங்கிடவே இயலாது. கந்தக அறுபுளோரைட்டிலே கந்தகம் ஆறு புளோரீன் அணுக்களோடு பிணைந்து நிற்கின்றது. ஐதரசன் மூலக்கூற்று அயனிலே இரு கருக்களையும் இணைத்து வைத்திருப்பது ஒரேயோர் இலத்திரன். சோடியும் இல்லை, நிறைந்த ஓடும் இல்லை. ஆயினும் அப்பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 256 கிலோயூல் வேண்டும்.

நாள்தோறும் சுவாசிக்கப்படும் ஒட்சிசனே இவ்விதிக்கெதிரான சான்றாக விளங்குகின்றது. எட்டு இலத்திரன் கணக்கின்படி ஒட்சிசன் மூலக்கூற்றிலே இரட்டைப் பிணைப்பு வரையப்படுகின்றது. இலத்திரன்கள் யாவும் சோடியாகின்றன. அவ்வாறாயின் ஒட்சிசன் காந்தத்தாற் கவரப்படலாகாது. ஆனால் திரவ ஒட்சிசனை வலிய காந்தமொன்றின் முனைகளுக்கிடையே ஊற்றினால், அது வழிந்தோடாது அங்கேயே தொங்கி நிற்கின்றது. சோடி சேராத இரு இலத்திரன்கள் அம்மூலக்கூற்றில் உள்ளன என்பதை 1929 இல் லெனாட்-ஜோன்ஸ் மூலக்கூற்று ஒபிற்றல் முறையால் விளக்கினார். அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் கடந்த பின்னரும், புள்ளிகளையும் புள்ளடிகளையும் எட்டு எட்டாக வட்டமிட்டுக் காட்டுவதோடு பாடம் முடிவடைவது வருந்தத்தக்கது.

செனன் வாயுவின் வரலாறு, ஒரு விதியைக் காரணமாக நம்புவதன் விலை யாது என்பதைக் காட்டும். விழுமிய வாயுக்கள் எட்டு இலத்திரன்களைப் பெற்று 'நிறைவடைந்தவை'. ஆகலின் அவை எதனோடும் சேரா என்று பாடநூல்கள் பல்லாண்டுகள் ஓதின. 1933 இல் லைனஸ் போலிங் செனன் புளோரைட்டுகள் இருத்தல் கூடும் என எதிர்வு கூறினார். அவற்றை ஆக்குவதற்கு அதே ஆண்டில் யோஸ்ற், கேய் என்னும் இருவர் செய்த முயற்சி கைகூடவில்லை. அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அப்பொருளிலே பெரிதும் அக்கறை காட்டப்படவில்லை. 1962 இல் கனடாவிலே நீல் பாட்லெற் என்னும் இளம் ஆய்வாளர், பிளாற்றினம் அறுபுளோரைட்டு ஒட்சிசன் மூலக்கூற்றிலிருந்தே இலத்திரனைப் பறிக்க வல்லது எனக் கண்டார். ஒட்சிசன் மூலக்கூற்றின் அயனாக்கச் சக்தியும் செனனின் அயனாக்கச் சக்தியும் ஏறத்தாழ ஒன்றே, மூலுக்கு 1170 கிலோயூல் அளவினவே, என்பதை அட்டவணையிலே கவனித்தார். செனனையும் பிளாற்றினம் அறுபுளோரைட்டையும் கலந்தார், சேர்வை உண்டாயிற்று. அவ்வாண்டு முடியுமுன்பே செனனின் புளோரைட்டுகளும் ஆக்கப்பட்டன. பாட்லெற் கேட்டது 'செனன் திருப்தியாக உள்ளதா?' என்ற கேள்வியை அன்று. 'எவ்வளவு சக்தி வேண்டும்?' என்ற கேள்வியை. கதையைக் கேட்டவர்கள் வாளாவிருந்தனர். கணக்கைக் கேட்டவர் கண்டுபிடித்தார்.

பிணைப்பின் உண்மை இயல்பு

மின்னேற்றக் கவர்ச்சி என்பதால் அயன்களின் சேர்க்கை விளங்கும். ஆனால் முற்றிலும் ஒத்த இரு ஐதரசன் அணுக்கள் ஏன் இணைகின்றன? இக்கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரியோரையும் தடுமாறச் செய்தது. நேரேற்றமும் எதிரேற்றமும் சேர்வதே சேர்க்கை எனக் கொண்ட பேர்சிலியஸ், ஒத்த அணுக்கள் இணையும் என்பதை ஏற்க மறுத்தார். அவகாதரோ 1811 இல் கூறிய ஈரணு மூலக்கூறு, 1860 இல் கன்னிசாரோ அதனை மீண்டும் எடுத்துரைக்கும் வரையிலே ஏறத்தாழ அரை நூற்றாண்டு புறக்கணிக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விடை 1927 இலே கிடைத்தது. ஹைற்லர், லண்டன் என்னும் இரு இளைஞர் அப்போது புதிதாகத் தோன்றியிருந்த சத்திச்சொட்டுப் பொறியியலை ஐதரசன் மூலக்கூற்றுக்குப் பிரயோகித்தனர். இரு அணுக்கள் நெருங்கும்போது ஒவ்வோர் இலத்திரனும் இரு கருக்களின் ஆட்சிக்கும் உட்படுகின்றது. இலத்திரன் அடர்த்தி கருக்களுக்கிடையே மிகுகின்றது. தொகுதியின் மொத்தச் சக்தி குறைகின்றது. மேலும் நெருங்கினால் கருக்களின் தள்ளுகை மேலோங்கிச் சக்தி உயர்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே சக்தி மிகக் குறைந்த ஓர் இடைவெளி உண்டு. ஐதரசனுக்கு அது 74 பிக்கோமீற்றர். அவ்விடைவெளியிலிருந்து இரு அணுக்களையும் முற்றாகப் பிரிக்க 436 கிலோயூல் வேண்டும். இதுவே பிணைப்பு. அது கயிறும் அன்று, கொளுக்கியும் அன்று. ஒரு பள்ளத்தின் ஆழம். அப்பள்ளம் தோன்றுவதிலே இலத்திரனின் இயக்கச் சக்திக்கும் அழுத்தச் சக்திக்கும் உள்ள பங்கு யாது என்பது பற்றி 1933 இல் ஹெல்மனும் 1962 இல் ரூடன்பேர்க்கும் எழுப்பிய விவாதம் அறிஞரிடையே நெடுங்காலம் தொடர்ந்தது. உயிருள்ள அறிவுத்துறை விவாதிக்கும். இறந்துபோன குறிப்புக் கொப்பியே ஐயமின்றி உரைக்கும்.

அவ்வாறாயின் எட்டு என்ற எண் இத்துணை அடிக்கடி தோன்றுவானேன்? அதற்கும் காரணம் உண்டு. வெளியோட்டிலே சக்தியால் ஒன்றையொன்று அண்மித்த ஒபிற்றல்கள் நான்கு. ஒவ்வொன்றும் இரு இலத்திரன்களுக்கே இடமளிக்கும். அவை நிரம்பியபின் வரும் இலத்திரன் சக்தி மிக்க அடுத்த ஓட்டுக்குச் செல்ல வேண்டும். உள்ளோட்டு இலத்திரன்களைப் பிடுங்குவதோ அளவிறந்த செலவு. இவ்விரு தடைகளுக்கிடையே சக்திக் கணக்கு பெரும்பாலும் எட்டிலே வந்து முடிகின்றது. எட்டு விளைவு, காரணம் அன்று. பள்ளமான இடத்திலே நீர் தேங்கும் என்பது மெய். 'நீர் பள்ளத்தை விரும்புகின்றது' என்று கவிஞன் பாடலாம். குளங்கட்டும் பொறியியலாளன் சாய்வை அளந்தே தீரவேண்டும்.

எட்டின் போதாமைக்கு இந்நாட்டு மண்ணிலேயே சான்று உண்டு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் பென்சிற்கரி காபனேயாகும், வைரமும் காபனே. இரண்டிலும் காபன் அணுக்கள் எட்டு இலத்திரன் கணக்கை நிறைவு செய்கின்றன. ஆயினும் ஒன்று கடினத்தின் எல்லை, மின்னைக் கடத்தாதது. மற்றொன்று விரலிற் கறுப்பாக ஒட்டும் மென்மை, மின்னைக் கடத்துவது. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் 154 பிக்கோமீற்றர் தூரத்தில் நான்கு அயலணுக்களோடு எத்திசையிலும் பிணைந்துள்ளது. பென்சிற்கரியிலே தளமொன்றினுள் 142 பிக்கோமீற்றர் தூரத்தில் மூன்று அயலணுக்கள். தளத்துக்கும் தளத்துக்கும் இடையே 335 பிக்கோமீற்றர். தளங்கள் வழுக்குவதும், தளம் முழுவதும் பரவிய இலத்திரன்கள் மின்னைக் கடத்துவதும் இவ்வமைப்பால் விளைவன. எட்டை மட்டும் எண்ணத் தெரிந்தவன் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய வழியே இல்லை.

பிழை பிழையைப் பெறும்

ஒரு பிழையான காரணம் தனித்து நிற்பதில்லை. தன் குடும்பத்தையும் உடன் அழைத்து வரும். 1990களிலே இங்கிலாந்தில் கீத் ரேபர் என்னும் கல்வி ஆய்வாளர் இரசாயன மாணவரின் கருத்துகளை ஆராய்ந்தார். ஏழு மேலதிக இலத்திரன்களைத் திணித்து ஈற்றோட்டிலே எட்டை எய்துவிக்கப்பட்ட சோடியம் அயன், சாதாரண சோடியம் அணுவினும் உறுதியானது என்று மாணவர் கருதுவதை அவர் கண்டார். ஏழு எதிரேற்றங்களைத் தாங்கிய அத்தகைய அயன் நினைத்தற்கும் அரியது. ஆனால் எட்டே உறுதி என்று கற்பிக்கப்பட்டவன் வேறு என்ன விடை கூறுவான்? அவன் தருக்கம் பிழையன்று. அவனுக்கு அளிக்கப்பட்ட எடுகோளே பிழை.

உப்புப் பளிங்கிலே ஒவ்வொரு சோடியம் அயனும் தன்னைச் சூழ்ந்த ஆறு குளோரைட்டு அயன்களுள், தன் இலத்திரனைப் 'பெற்றுக்கொண்ட' ஒன்றோடு மாத்திரமே பிணைப்புடையது, ஏனைய ஐந்தோடு வெறும் கவர்ச்சியே உண்டு எனவும் அம்மாணவர்கள் கருதினர். கொடுத்தவன், பெற்றவன் என்ற கதையின் நேரடி விளைவு இது. உண்மையில் ஆறும் ஒரே தூரத்தில், 282 பிக்கோமீற்றரில், ஒரே தன்மையனவாய் நிற்கின்றன. ஆனையிறவு உப்பளத்திலே விளைந்த உப்பின் ஒரு மணியை எடுத்து, இதிலே 'சோடியம் குளோரைட்டு மூலக்கூறு' எங்கே என்று வினவினால், விடை இல்லை என்பதே. உயர் வெப்பநிலையில் ஆவியாக்கினாலன்றி அத்தகைய மூலக்கூறு தனித்துக் காணப்படாது.

இவ்வுண்மையை ஏற்பது அறிஞருக்கும் எளிதாயிருக்கவில்லை. பிராக்குகள், தந்தையும் மைந்தரும், 1913 இல் ஊடுகதிர்களால் உப்பின் அமைப்பை வெளிப்படுத்தினர். பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும், 1927 இல், முதுபெரும் இரசாயனவியலாளர் ஹென்றி ஆம்ஸ்ரோங் 'நேச்சர்' சஞ்சிகையிலே அதனைக் கடுமையாக எள்ளி எழுதினார்; சதுரங்கப் பலகை போன்ற அவ்வடுக்கு பொதுவறிவுக்கே ஒவ்வாதது என்பது அவர் கண்டனம். அளவீடு வென்றது, முதுமையின் பிடிவாதம் தோற்றது. அன்று ஆம்ஸ்ரோங் வெளிப்படையாக வாதிட்டார். இன்று அவர் பக்கம் நிற்பவர்கள் தாம் நிற்பது அப்பக்கம் என்பதையே அறியாது நிற்கின்றனர்.

'பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவிடப்படுகின்றது' என்ற வாக்கியமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. உயிரியற் பாடத்திலே அதெனோசின் முப்பொசுபேற்றைப் பற்றிப் பேசும்போது இது தவறாமல் ஒலிக்கும். எப்பிணைப்பையும் உடைக்கச் சக்தி செலவாகும். பிணைப்பு உண்டாகும்போதே சக்தி வெளிவிடப்படும். ஐதரசன் எரிவதை எடுத்துக்கொண்டால், இரு மூல் ஐதரசனின் பிணைப்புகளை உடைக்க 872 கிலோயூலும் ஒரு மூல் ஒட்சிசனுக்கு 498 கிலோயூலும் ஆக 1370 செலவு. நீரிலே உண்டாகும் நான்கு மூல் பிணைப்புகள், ஒவ்வொன்றும் 463 வீதம், 1852 கிலோயூலை வெளிவிடுகின்றன. மிச்சம் 482, அதுவே சுவாலையின் வெப்பம். முப்பொசுபேற்றிலும் நீர்ப்பகுப்பின் விளைபொருள்கள் தொடக்கப் பொருள்களினும் உறுதி மிக்கவையாகலின், மூலுக்கு ஏறத்தாழ 30 கிலோயூல் பயன்பாட்டுக்குக் கிடைக்கின்றது. உடைவதால் வந்த செல்வம் அன்று அது. புதிதாய் அமைவதால் வந்தது.

மறுப்பும் விடையும்

'சிறுவருக்குச் சத்திச்சொட்டுப் பொறியியலைக் கற்பிக்க இயலுமா? எளிமைக்காகவே இக்கதை' என்பது வழக்கமான மறுப்பு. சமன்பாடுகள் எவையும் வேண்டியதில்லை. ஒவ்வாத ஏற்றங்கள் கவரும், ஒத்த ஏற்றங்கள் தள்ளும் என்பதைக் கனிட்ட வகுப்பு மாணவனும் அறிவான். சக்தி குறைந்த நிலை உறுதியானது என்பதை மேசையிலிருந்து விழும் பந்து காட்டும். இவ்விரண்டையும், மேலே தரப்பட்டவை போன்ற கூட்டல் கழித்தற் கணக்கையும் கொண்டே அயன் பிணைப்பை முற்றாக விளக்கலாம். இவற்றுள் எது கதையினும் கடினமானது? எளிமை என்பது உண்மையின் ஒரு பகுதியைக் கூறுவது; உண்மைக்கு மாறானதைக் கூறுவது எளிமையாகாது.

'உவமை கூறுதல் தமிழ் மரபல்லவா?' என்பது இரண்டாவது மறுப்பு. உவமை குற்றமன்று. அணுக்களின் சேர்க்கையைத் திருமணமாகக் காணும் வழக்கமும் தமிழருக்கே உரியதன்று. 1809 இல் ஜேர்மன் மகாகவி கோதே, அக்கால இரசாயன நாட்டக் கொள்கையைக் கருவாகக் கொண்டு ஒரு நாவலே எழுதினார். அவர் எழுதியது நாவல் என்பதை அவரும் வாசகரும் அறிந்திருந்தனர். தமிழ் இலக்கணிகள் இதிலே இன்னும் நுட்பமானவர்கள். அஃறிணைப் பொருள்கள் பேசுவதாகவும் கேட்பதாகவும் கூறும் வழக்கை நன்னூலார் ஏற்றுக்கொண்டபோது, 'போல' என்ற உருபை இட்டே விதி செய்தார். வகுப்பறை அந்த உருபைத் தொலைத்துவிட்டது. 'விரும்புவது போல' என்று தொடங்கியது 'விரும்புகின்றது' என்றாகி, ஈற்றிலே 'விரும்புவதனால்' என்று காரணமாய் முடிசூடிக்கொண்டது.

மூன்றாவது மறுப்பே ஆபத்தானது. 'இக்குறை தமிழ்மொழி மூலம் கற்பதனால் நேர்ந்தது. ஆங்கிலத்தில் கற்றால் தீரும்' என்பர் சிலர். ரேபர் ஆராய்ந்த மாணவர்கள் ஆங்கிலத்திலே கற்றவர்கள். கதை எம்மொழியிலும் கதையே. தமிழின் ஆற்றலைப் பற்றிய ஐயமும் ஆதாரமற்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே மருத்துவக் கல்வியைத் தமிழில் நடாத்திய சாமுவேல் கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் மூலகம், சேர்வை, வலுவளவு, அயன், சாலகம் என்னும் சொற்களை மாணவர் நாவிலே பழக வைத்தன. கலவைக்கும் சேர்வைக்கும் உள்ள வேறுபாட்டை இரு சொற்களே உணர்த்திவிடுகின்ற மொழிக்குக் காரணங் கூறும் திறன் இல்லை என்பது பழி.

எனினும், சொல் கிடைத்தவுடன் பொருளும் கிடைத்துவிட்டதாகக் கருதும் மயக்கமும் உண்டு. 'பங்கீட்டு வலு' என்பதைக் கேட்கும் மாணவன், முன்னொரு காலத்தில் கூப்பன் கடையிலே அரிசியும் சீனியும் பங்கிடப்பட்டவாறு இலத்திரன்களும் ஆளுக்கொன்றாய்ப் பிரித்தளிக்கப்படுவதாக எண்ணிவிடுகின்றான். இங்கே பங்கீடு என்பது பிரித்தல் அன்று; பிரிக்கவியலாத பொதுமை. இதனைச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் வேலை. கலைச்சொல்லின் வேலை அன்று. அவ்வாறே, மணிமேகலையில் ஆசீவகரின் அணுக்கொள்கை கூறப்பட்டிருப்பதைச் சுட்டி, அணுப்பிணைப்பைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என மேடைதோறும் முழங்குவோரும் மொழிக்கு நன்மை செய்பவரல்லர். அங்கே காணப்படுவது உயர்ந்த தத்துவச் சிந்தனை. சக்தியின் அளவீடு அன்று. பழம்பெருமையால் இன்றைய வறுமையை மூடுவது, வெற்றுப் பானைக்குப் பட்டுத்துணி போர்த்துவதை ஒக்கும்.

செய்யவேண்டியவை

பரிகாரம் பெரும் பணச்செலவை வேண்டுவதன்று. பிணைப்பைப் பற்றிய முதற் பாடம் ஏற்றங்களின் கவர்ச்சியோடும் தள்ளுகையோடும் தொடங்கட்டும். சோடியம் குளோரைட்டின் சக்திக் கணக்கு முதலிலேயே கரும்பலகையில் எழுதப்படட்டும். எட்டின் விதி வரும்போது, 'இது எண்ணுவதற்கு உதவும் வாய்பாடு. விளக்கம் அன்று' என்ற எச்சரிக்கையோடு வரட்டும். போரனும் ஒட்சிசனும் செனனும் அடிக்குறிப்பிலே ஒளிக்கப்படாது, அதே பக்கத்திலே நிற்கட்டும். வினாத்தாள் அமைப்போர், 'ஏன்' என்று கேட்டுவிட்டு 'எட்டு இலத்திரன் நிலையை அடைவதற்காக' என்ற விடைக்குப் புள்ளி வழங்கும் வழக்கத்தைக் கைவிடட்டும். இவ்வைந்தும் செய்யப்பட்டால், குறிப்புக் கொப்பிகள் தாமாகவே மாறும். புள்ளி எங்கே உண்டோ அங்கே குறிப்பும் செல்லும்.

பணயமாக வைக்கப்பட்டிருப்பது ஓர் அலகின் சில பக்கங்கள் அல்ல. கிராமத்துப் பாடசாலையொன்றிலே, ஆய்வுகூடமும் நூலகமும் போதியளவு இன்றிக் கற்கும் மாணவனிடம் இருப்பது ஆசிரியரின் வாக்கியம் ஒன்றே. அவன் சரிபார்க்க வேறு நூல் இல்லை. அவ்வாக்கியம் 'விரும்புகின்றது' என்று முடிந்தால், கேள்வியும் அங்கேயே முடிந்துவிடுகின்றது. ஏனெனில் விருப்பத்துக்கு மேற்காரணம் கேட்பார் இல்லை. அவ்வாக்கியம் '496 கிலோயூல் வேண்டும்' என்று முடிந்தால், 'அச்சக்தி எங்கிருந்து வருகின்றது?' என்ற அடுத்த கேள்வியை அவனே எழுப்புவான். அக்கேள்வியை எழுப்பியவன் பல்கலைக்கழகத்துக்கு வந்து எம்மொழியில் விரிவுரை கேட்டாலும் தடுமாற மாட்டான். அவனுக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தமிழிலே கொடுப்பது ஆசிரியர்களின் கடன். கொடுக்கின்றனரா என்று வினவுவது தமிழ்ச் சங்கங்களின் கடன்.